நாலு மணிக்குத் தட்டிய டிஸ்க்

நம் கடையில் எனக்கு வைத்த விடைபெறும் விருந்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்று, "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "என்ன அண்ணே, முப்பது வருசத்துக்கு ரெண்டே வார்த்தைதானா?" என்று சர்வீஸ் மேசைத் தங்கச்சி கேட்டது. நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. அதனால் சொல்ல நினைத்ததை எழுதித் தருகிறேன். வேலை இல்லாத நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

எந்த ரௌட்டர் வாங்கலாம், எந்த டிஸ்க் வேகம் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு டிஸ்க் வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பெரிதாக ஒன்று வாங்காதீர்கள், சின்னதாக இரண்டு வாங்குங்கள். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒரு வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஜார்ஜ் டவுனில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கடையில் பாகங்களைச் சேர்த்துக் கணினிகளைப் பூட்டிக் கொடுக்கும் வேலை. ஆங்கிலம் படிக்க வராது. எந்த வயர் எதில் போகும் என்பது கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆயர் ஈத்தாம் போகும் சாலையில் உள்ளே தள்ளி ஒரு பழைய பங்களா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீட்டு ஐயா அரசாங்கக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், நாலு மாதத்துக்கு முன் இறந்துபோனார். அவர் மனைவி அந்த அம்மா மட்டும் தனியாக இருந்தார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் கணினி வழியாகவே கடிதம் எழுதலாம் என்று சொன்னதால், ஒரு மோடம் மாட்டக் கடைக்கு போன் செய்திருந்தார். அந்தக் கணினி எங்கள் கடையில் வாங்கியது. இரண்டு வருடம் முன்னால் நானே பூட்டிக் கொடுத்தது.

நான் போனபோது மூன்றரை மணி இருக்கும். அறையில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"மோடத்தை மட்டும் பூட்டுங்கோ தம்பி. வேற ஒண்டையும் தொடாதேங்கோ" என்றார் அந்த அம்மா.

மேசைக்குக் கீழே குனிந்து வயரை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது டொக், டொக், டொக் என்று மூன்று தரம் சத்தம் கேட்டது. விரல் முட்டியால் பலகையைத் தட்டுவது போல. என் தலைக்கு அரை முழத்தில். நான் எழுந்து பார்த்தேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

அந்த அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"வந்திட்டியளோ? இருங்கோ, மோடம் பூட்டுற தம்பி நிக்கிறார்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "பயப்பிடாதேங்கோ. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வாறவர்" என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு.

தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரே சொன்னார். ஐயா கோயிலில் தேவாரம் பாடுகிறவர். தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஆபரேஷனுக்கு முந்திய இரண்டு வாரம் மைக்கை வைத்துக்கொண்டு தினமும் ஒரு பாட்டாகக் கணினியில் பாடிப் பதிந்திருக்கிறார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. மனைவியைக் கூப்பிட வேண்டுமென்றால் இந்த மேசையில் மூன்று தரம் தட்டுவார்.

"அவர் போய் முப்பத்தோராம் நாள் கிரியை முடிஞ்சு ரெண்டு கிழமையில இந்தத் தட்டல் கேட்டுது" என்றார். "இவ்வளவு நாளும் ஒருதருக்கும் சொல்லேல்லை."

அந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். டிஸ்க்கைப் படிக்கும் தலை இடம் தெரியாமல் போய் முட்டித் திரும்பும் சத்தம் அது. சாகப்போகும் டிஸ்க் அப்படித்தான் தட்டும். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை, அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. அதைக் கேட்பதற்காக அவர் தினமும் கணினியைப் போடுகிறார். போடப் போட அது சாகிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. "மோடம் சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தம்பிகளே, இந்த எழுத்தில் நான் சொல்லும் முதல் தப்பு இதுதான். கருவியைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மனுசியிடம் வாயைத் திறக்க வெட்கப்பட்டு, தெரியாதவனைப் போல வந்தேன். இரண்டு நாள் அந்த டிஸ்க் கூடுதலாக ஓடியது.

கடையில் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் பாசார்ச் சந்தையில் கற்ற தமிழ் பேசுவார். "அவங்க மோடம் கேட்டாங்க, நீ மோடம் போட்டே. பேய்க்கு நம்ம கடையில வாரண்டி இல்ல லா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று பூட்டிய ஒவ்வொரு கணினியிலும் காதை வைத்துக் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே அந்த வீட்டுக்குப் போனேன். மோடத்தை ஒரு தரம் சோதிக்க வேண்டும் என்று சொன்னேன்.

ஒரு கோளாறைப் பார்க்கும்போது ஏன் என்பதை விடுங்கள், எப்போது என்று முதலில் கேளுங்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எப்போது என்று கேட்டால் கருவி பதில் சொல்லும்.

"தினமும் எத்தனை மணிக்குப் போடுவீங்கம்மா?"

"மூண்டு மணிக்கு. மத்தியான நித்திரையால எழும்பின உடன."

ஆக, போட்டு ஒரு மணி நேரம். சூடானால் தட்டுகிறது. அதைக் காட்டிவிட்டால் இந்த அம்மாவுக்கே புரிந்துவிடும் என்று நினைத்தேன். எட்டே காலுக்குக் கணினியைப் போட்டேன். காத்திருந்தோம். வெளியே தென்னை மட்டையில் காக்கை கத்திக்கொண்டிருந்தது. ஒன்பது மணியைத் தாண்டியதும் டொக், டொக், டொக். சற்று இடைவெளி. மறுபடி டொக், டொக், டொக்.

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் கண் கலங்கிச் சிரித்தார்.

"இண்டைக்கு நேரத்தோட வந்திட்டார்" என்றார்.

என் சோதனை அவ்வளவுதான். நாம் ஆதாரம் என்று எதைக் கொண்டுபோய் வைத்தாலும், மனதில் ஒருவர் இருக்கிறபோது அதுவும் அவரிடம்தான் போய்ச் சேரும்.

உடனே சுவிட்சை அணைத்தேன். அந்த அம்மா முகம் மாறியது.

"இண்டைக்கு ரெண்டு தரம் கூப்பிட்டவர். முந்தி ஒரு தரம்தான். அவசரமா ஏதோ கேக்கிறார். என்ன வேணுமாம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு விளங்கும் என்பதைப் போல.

நான் சொல்லியிருக்க வேண்டியது, "அம்மா, அது மெஷின் கெட்டுப்போகிற சத்தம்" என்பது. சொன்னால் நம்பமாட்டார், என்னை வெளியே அனுப்பிவிடுவார், பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பவும் போடுவார். என் நாக்கு வேறு ஒன்றைச் சொன்னது.

"அம்மா, ஐயா அந்தப் பாட்டையெல்லாம் வேற எடத்துல எடுத்து வைக்கச் சொல்றாரு."

அந்த அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கும் விளங்குதோ?"

தலையாட்டினேன். அறை குளிர்ந்தது போல இருந்தது. நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பின்னால் யாரோ நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல் கழுத்து கூசியது.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கணினியை வீட்டை விட்டு எடுக்கக் கூடாது, மேசையைவிட்டுக்கூட எடுக்கக் கூடாது. "அவரை இதில இருந்து கிளப்பாதேங்கோ." சாகக் கிடக்கும் டிஸ்க்கைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் கடைக்குக் கொண்டுபோவதைவிட அதுவே நல்லது என்று எனக்கும் பட்டது. மறுநாள் கடையிலிருந்து இன்னொரு கணினியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் நெட்வொர்க் கார்டு போட்டு, கறுப்புக் கேபிள் ஒன்றால் இணைத்துப் பிரதி எடுப்பது என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் கணினியைப் போடக் கூடாது.

"ஒரு நாள் அவரோட கதைக்காமல் இருக்கிறதோ?" என்றார். பிறகு ஒத்துக்கொண்டார்.

ஒரு வீட்டுக்குள் நான் நெட்வொர்க் போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை. கணினி முழுக்கக் குளிர்ந்திருந்தது. கார்டு போடுவதற்காக மூடியைத் திறந்தேன். டார்ச்சை உள்ளே அடித்தேன். டிஸ்க்கின் மேல் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம். காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது.

என் விரல் வைத்த பொட்டு.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குப் பொட்டு வைப்போம் அல்லவா? நான் பூட்டும் ஒவ்வொரு கணினிக்கும் வைப்பேன், பூஜை நாள் என்றில்லை. வெளியே வைத்தால் கறை படும், வாங்குகிறவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம். அதனால் மூடியைப் போடுமுன் உள்ளே டிஸ்க்கின் மேல் வைத்து மூடிவிடுவேன். யாருக்கும் தெரியாது. டிஸ்க்கின் மேல் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதைச் சுற்றி ஒரு வட்டம் அச்சிட்டிருப்பார்கள். பொட்டு வைக்கவே இடம் விட்டதுபோல் இருக்கும். அந்த வட்டத்துக்குள் சரியாக வைப்பேன். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

அன்றைக்குக் கேட்டேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார். "இந்த ஓட்டையை மூடக் கூடாது எண்டு கிடக்கு தம்பி."

அந்த வீட்டு போனிலிருந்தே எனக்குத் தெரிந்த பார்வதி அக்காவைக் கூப்பிட்டேன். சிம்பாங் அம்பாட்டில் குடியிருந்தார். ஒரு டிஸ்க் தொழிற்சாலையில் பல வருடம் மூடி பூட்டும் வரிசையில் வேலை செய்தவர். தணிந்த குரலில் விசயத்தைச் சொன்னேன்.

"அட பாவி! அது மூச்சு விடற ஓட்டை லா. சூடானா உள்ள காத்து வெளிய வரணும், ஆறுனா உள்ள போகணும். நீ அதுல பொட்டு வெச்சு மூடிட்டியா? எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம். சுரண்டி எடுத்துடவா அக்கா?"

"தொடாதே! தூள் உள்ள விழுந்தா அந்த நிமிசமே முடிஞ்சது. இந்நேரம் கொஞ்சம் விழுந்துதான் இருக்கும். அப்படியே விட்டுட்டு, சூடாகறதுக்குள்ள எடுத்துக்க வேண்டியத எடுத்துக்க. அப்புறம் உன்ன நான் வெச்சுக்கறேன்."

தப்பைக் கண்டுபிடித்ததும் முதலில் அதைத் துடைக்கத்தான் கை போகும். என் கை ஏற்கெனவே பொட்டின் மேல் இருந்தது. அன்றிலிருந்து, என் தப்பு கண்ணில் பட்டால் கையை மடியில் வைத்துக்கொள்வது என்று பழகினேன். நமக்குக் கெட்ட பேர் வருமோ என்ற பயத்தில் செய்கிற காரியம், பொருளைக் காப்பாற்றச் செய்கிற காரியமாகாது.

சுவிட்சைப் போட்டேன். ஒரு மணி நேரம் இருக்கிறது. விசிறியை டிஸ்க்கின் பக்கம் திருப்பி வைத்தேன். ஆனால் இரண்டு கணினியும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. கார்டை மாற்றினேன், மறுபடி மாற்றினேன். இருபது நிமிடம் போனது. கடைசியில் பார்த்தால், கேபிளின் முனையில் போடும் சின்ன மூடி ஒன்று தளர்ந்திருந்தது. திருகினேன். வந்துவிட்டது. பெரிய காரணங்களைத் தேடுமுன் முனைகளைத் தொட்டுப் பாருங்கள் என்று உங்களிடம் நான் ஓயாமல் சொல்வது அந்த இருபது நிமிடத்துக்காகத்தான்.

திரையில் பதினாலு பதிவுகள். முதலிலிருந்து வரிசையாகத் தொடங்கப் போனேன். என்ன தோன்றியதோ, திரும்பிக் கேட்டேன்.

"அம்மா, இதுல ஒண்ணுதான் கெடைக்கும்னா எது வேணும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "கடைசி. அது பாட்டில்லை. ஆஸ்பத்திரிக்குப் போற அண்டு காலமை, நான் குளிக்கப் போன நேரம் எனக்கெண்டு கதைச்சு வைச்சதெண்டு பிறகு எழுதிக் காட்டினவர். நான் இன்னும் கேக்கேல்லை. கேட்டால் அதோட முடிஞ்சு போம் எண்டு விட்டிட்டன்."

கடைசியிலிருந்து தொடங்கினேன். நல்ல டிஸ்க்கில் ஒரு நிமிடத்தில் முடிவது அதில் நாலு நிமிடம் எடுத்தது. ஒவ்வொன்றும் முடியும்போது அவர் ஒரு விரலை மடக்கினார்.

ஒன்பது முடிந்தது. பத்தாவது பாதியில் தட்டத் தொடங்கியது.

மூன்று. மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. மேசையே அதிர்ந்தது. கதவுக்கு வெளியே நின்று ஒருவர் திறக்கச் சொல்லித் தட்டுவதுபோல இருந்தது. அந்த அம்மா கணினியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ. முடியப் போகுது, பொறுங்கோ" என்றார்.

ஓடவிட்டால் இன்னும் ஒன்று கிடைக்கலாம், அல்லது டிஸ்க் உரசிக் கிழிந்து போகலாம். அணைத்தால் ஆறிய பிறகு ஐந்தும் கிடைக்கலாம், அல்லது மறுபடி சுற்றாமலே போகலாம். கேட்க ஆள் இல்லை. நான் அணைத்தேன்.

தட்டல் நின்றது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டபோது டிஸ்க் சுற்றவில்லை. பிறகு ஒருபோதும் சுற்றவில்லை. ஐந்து பாட்டுகள் போய்விட்டன. ஓடவிட்டிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். பின்னால் யார் எதைச் சொன்னாலும், சுவிட்சில் கை வைத்தவனுக்கு அப்போது தெரிந்தது எவ்வளவோ அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரங்களில் நான் பூட்டிக் கொடுத்த வீடுகளையெல்லாம் தேடிப் போனதும், மூடியைத் திறந்து பார்த்ததும், தவுக்கே ஒரு மாதம் என்னைப் "பொட்டு டாக்டர்" என்று கூப்பிட்டதும் தனிக் கதை. அன்றைக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

நான் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைத் தூக்கவில்லை. அந்தப் பொட்டு நான் வைத்தது, அது டிஸ்க் மூச்சு விடுகிற ஓட்டை, அதை நான் அடைத்துவிட்டேன், அதனால்தான் அந்தச் சத்தம் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான்.

அவர் திறந்து கிடந்த கணினிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, மூச்சு விட ஏலாமல்தான் தட்டினவரோ?"

"இல்லம்மா, இல்ல. அது வெறும் மெஷின். ஐயா எடுத்து வைக்கச் சொன்னார்னு நான் சொன்னதும் பொய்மா. மன்னிச்சிடுங்க."

"அது பொய்யெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

கடைக் கணினியின் ஸ்பீக்கர் வயரை எடுத்து மாட்டினேன்.

"சரி. போடுங்கோ" என்றார்.

கடைக் கணினியில் அந்தக் கடைசிப் பதிவைத் தொட்டேன். முதலில் நாற்காலி இழுக்கும் ஓசை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது நான் கேட்க வேண்டியதில்லை என்று எழுந்து வாசலுக்கு வந்தேன். குனிந்து சப்பாத்தைப் போட்டேன். ஒரு காலுக்குக் கயிறு கட்டி முடித்தேன்.

உள்ளே ஓர் ஆண்குரல், "ராசு, இஞ்சை இருக்கிறியோ?" என்றது.

"ஓம், இருக்கிறன்" என்றார் அந்த அம்மா.

"சாப்பிட்டியோ?"

"இன்னும் இல்லை. இந்தத் தம்பி வந்ததில நேரம் போயிட்டுது."

"தனிய இருக்கப் பயமோ?"

அந்த அம்மா அழுதார். அழுகை ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. "இல்லை. இப்ப இல்லை" என்றார்.

"அப்ப சரி" என்றது குரல்.

மனைவி பதில் சொல்வதற்கென்று இடம் விட்டுவிட்டு அவர் பேசி வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பேச்சை இழக்கப் போகும் மனிதர் அப்படிச் செய்வார். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நான் படியிலேயே உட்கார்ந்து முடியும்வரை கேட்டேன். அந்த அம்மா சில கேள்விகளுக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னார், சிலவற்றுக்கு நிறையப் பேசினார். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் அடுத்த வார்த்தையைத் தொடங்கியது. ஒருதரம்கூடக் குறுக்கே பேசவில்லை.